தனி அறை கேட்ட மகள்

தாராபுரத்தில் ஒரு வீடு. பொறியியல் கலந்தாய்வில் மகளுக்குச் சென்னையில் நல்ல கல்லூரி கிடைத்துவிட்டது. அலாட்மென்ட் ஆர்டரை பிரின்ட் எடுத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்த அன்றைக்கு ராத்திரி, மகள் அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டாள்.

"அம்மா, எனக்குத் தனி ரூம் வேணும். தெரியாதவங்களோட என்னால இருக்க முடியாது."

அம்மாவுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பத்தாம் வகுப்பு டூருக்குப் பணம் கட்டிவிட்டு, முதல் நாள் ராத்திரி முழுக்க வாந்தி எடுத்துப் போகாமல் நின்றவள் இவள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மாடிக்குப் போய்விடுவாள். பதில் தெரிந்தாலும் வகுப்பில் கை தூக்க மாட்டாள். ஆனால், ஒரே ஒரு தோழியோடு மணிக்கணக்கில் பேசுவாள்.

"எல்லாப் புள்ளைகளும் ஹாஸ்டல்ல இருந்துதான படிக்குது, போனாச் சரியாயிரும்" என்றார் அப்பா. சென்னையில் இருக்கும் பெரியம்மா போனில் கோபித்துக்கொண்டார். "நா ஒருத்தி இங்க இருக்கறப்ப புள்ளைய எதுக்கு ஹாஸ்டல்ல விடறீங்க? நா பாத்துக்க மாட்டனா?"

அம்மாவின் கவலை வேறு. அதே தெருவில் ஒரு பையன் முந்தின வருஷம் ஹாஸ்டலில் சேர்ந்து, தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. சீட் போனது, கட்டிய பணம் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவனிடம் படிப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆக, மூன்று வழிகள். தனி அறை உள்ள வெளி பி.ஜி., பெரியம்மா வீடு, நாலு பேர் தங்கும் கல்லூரி விடுதி. முதல் பார்வைக்கு, இந்தப் பெண்ணுக்கு ஏற்றது முதலாவது, கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் இரண்டாவது, கூடவே கூடாதது மூன்றாவது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீடுகளில் 'கூச்ச சுபாவம்' என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு. ஒன்று, உள்முக இயல்பு. கார்ல் யுங் என்ற மனநல மருத்துவர் 1921-ல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு பரவலான சொல் அது. இந்த இயல்பு உள்ளவர்களுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று அர்த்தம் இல்லை. கூட்டத்தில் சீக்கிரம் களைத்துப்போவார்கள். தனியாகக் கொஞ்ச நேரம் இருந்தால் தெளிந்துவிடுவார்கள். அது நோயும் இல்லை, மாற்ற வேண்டிய குறையும் இல்லை.

இன்னொன்று, பதற்றம். போக ஆசை இருக்கும், ஆனால் முதல் நாளே வயிற்றைப் புரட்டும். போகாமல் இருந்துவிட்டால் உடனே நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் சிக்கல். ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் அடுத்த முறைக்கான பயம் கொஞ்சம் வளரும். மனநல ஆலோசகர்கள் பதற்றம் உள்ளவர்களை, பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்ன அளவில் எதிர்கொள்ளப் பழக்குவது இதனால்தான்.

தாராபுரத்துப் பெண்ணிடம் இரண்டும் இருந்தன. அதனால் அவள் கேட்ட தனி அறை பாதி சரி, பாதி தப்பு. உள்முக இயல்புக்கு அது ஓய்வு. பதற்றத்துக்கு அது தீனி.

பி.ஜி.யில் தனி அறை, உள்ளேயே பாத்ரூம், சாப்பாடு போனில் ஆர்டர் செய்தால் வாசலுக்கு வந்துவிடும். ஒரு வாரம் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பிள்ளை அங்கே இருந்துவிடலாம். வகுப்புக்குப் போகாவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. இரண்டாம், மூன்றாம் ஆண்டில், ஊரும் நாலு முகங்களும் பழகிய பிறகு இதே அறை நல்ல ஏற்பாடாக இருக்கலாம். முதல் வருஷத்துக்குத்தான் இது ஆபத்து. (வேறு வழியில்லாமல் பெண்களுக்கான பி.ஜி.யைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2014-ல் வந்த சட்டப்படி, பெண்கள் விடுதிகளைப் பதிவும் உரிமமும் இல்லாமல் நடத்தக் கூடாது. 'உரிமத்தைக் காட்டுங்கள்' என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.)

பெரியம்மா வீடு? பாசத்தில் குறை இல்லை. ஆனால், அமைதியான பிள்ளைக்கு உறவுக்காரர் வீடுதான் பல நேரம் அதிகக் களைப்பு தரும். கதவைச் சாத்தினால், 'ஏன் ஒரு மாதிரி இருக்கா?' என்ற கேள்வி வரும். வந்து போகிறவர்களிடம் சிரிக்க வேண்டும். சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நாலு வருஷம் விருந்தாளியாகவே இருப்பது லேசான வேலை இல்லை. ஹாஸ்டலில் பேசாமல் இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பெரியம்மா கோபித்துக்கொள்வார். பெரியம்மா வீட்டுக்குச் சரியான இடம், விடுதி விண்ணப்பத்தில் 'லோக்கல் கார்டியன்' என்ற கட்டம். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் குழம்பும் வறுவலும் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

அம்மா ஒரு நல்ல காரியம் செய்தார். முடிவைச் சொல்லவில்லை. "நேர்ல போய்ப் பாத்துட்டு நீயே சொல்லு கண்ணு" என்று மகளையும் கூட்டிக்கொண்டு ராத்திரி ரயில் ஏறினார். பதற்றப்படும் பிள்ளைக்கு மிகவும் பயம் தருவது, தெரியாத இடம். கற்பனையில் அந்த இடம் எப்போதும் நிஜத்தைவிட மோசமாகத்தான் இருக்கும்.

விடுதியில் வார்டன் காட்டியது கட்டில், பீரோ, மேசை. அதெல்லாம் எல்லா இடத்திலும் இருப்பதுதான். பார்க்க வேண்டியவை வேறு. ஒரு தளத்தில் எத்தனை பேர், எத்தனை பாத்ரூம்? காலை ஆறரை மணிக்கு வாளியோடு வரிசையில் நிற்பது, பேசத் தயங்கும் பெண்ணுக்குத் தேர்வைவிடப் பெரிய சோதனை. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, எழுந்து போய் அடுத்தவர் இடத்தில் சார்ஜ் போட வேண்டுமா? ராத்திரி திறந்திருக்கும் படிப்பறை உண்டா? ஏனென்றால் 'அறையை விட்டுக் கொஞ்ச நேரம் தப்பிக்க ஓர் இடம்' இருந்தால், நாலு பேர் அறையும் தாங்கும். மரத்தடி பெஞ்ச், நூலகம், மொட்டை மாடி, எதுவானாலும் சரி.

வார்டனிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. அறையில் ஒத்துவரவில்லை என்றால் எத்தனை வாரத்துக்குப் பிறகு மாற்றித் தருவார்கள்? வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டும் விடுதிப் பணத்தில், நடுவில் கிளம்பினால் எவ்வளவு திரும்ப வரும்? அதை எழுத்தில் தருவார்களா? அவுட்பாஸுக்கு வீட்டிலிருந்து யார் போன் செய்ய வேண்டும்? முதலாண்டு மாணவர்களை முடிந்தவரை தனி விடுதிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2009-ம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது. அப்படித் தனிக் கட்டடம் இல்லாவிட்டால், சீனியர்கள் அங்கே வந்து போவதைக் கண்காணிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இங்கே எப்படி என்று கேட்பது பெற்றோரின் உரிமை. ராகிங் புகாருக்கான இலவச எண் 1800-180-5522. அது மகளின் போனில் இருக்கட்டும்.

ஆனால், அன்றைக்கு உருப்படியான பதில் வார்டனிடமிருந்து வரவில்லை. துணி காயப்போட வந்த ஓர் இரண்டாம் ஆண்டுப் பெண்ணிடமிருந்து வந்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்க எப்படிம்மா இருக்கும்?" என்று அம்மா கேட்டார். அருமையான கேள்வி. வார நாள்களில் எல்லா விடுதியும் ஒரே மாதிரிதான்.

"பாதிப் பேர் ஊருக்குப் போயிருவாங்க ஆன்ட்டி. மத்தவங்க தூங்குவோம். அப்பதான் கொஞ்சம் அழுகையா வரும். ஏழரைக்கு மெஸ்ஸுக்குப் போயிட்டா சரியாயிரும்."

மகள் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அந்த அக்காவைப் பார்த்தாள்.

இரண்டு பேர் அறையும் அங்கே இருந்தது, பணம் கூடுதல். அம்மாவுக்கு அதில் ஒரு கண். நாலு பேரைவிட இரண்டு பேர் மேல் என்று தோன்றுவது இயற்கை. ஆனால், இரண்டு பேர் அறையில் ஒருத்தி பேசாமல் இருந்தால் அது சண்டை மாதிரித் தெரியும். அந்த இன்னொருத்திக்கும் இவளுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வேறு போக்கிடம் இல்லை. நாலு பேர் இருக்கும் அறையில் மூன்று பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். நாலாவது ஆள் சும்மா இருப்பது யார் கண்ணிலும் உறுத்தாது. பேச்சைக் கேட்டுக்கொண்டே புத்தகம் படிக்கலாம். தோன்றினால் ஒரு வார்த்தை சேர்க்கலாம். சத்தம் அதிகம்தான், அதற்குக் காதடைப்பான் இருக்கிறது.

ரயிலில் திரும்பும்போது மகள் சொன்னாள்: "நாலு பேர் ரூமே போடும்மா. ஆனா ஓரத்துக் கட்டில் வேணும்."

ஓரத்துக் கட்டிலுக்காக, சேரும் நாளில் காலை ஏழு மணிக்கே போய் நின்றார்கள். ஒரு பக்கம் சுவர் இருந்தாலே பாதி அறை தனக்குச் சொந்தம் மாதிரி இருக்கும். வீட்டில் போர்த்திய பழைய போர்வை, கட்டிலில் மாட்டும் குட்டி விளக்கு, பருப்புப்பொடி டப்பா இரண்டு எடுத்துப் போயிருந்தார்கள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று அறைக்கு. தானாகப் பேச்சைத் தொடங்கத் தெரியாத பெண்ணுக்கு, பருப்புப்பொடி டப்பாவைத் திறந்து வைத்தால் போதும், மற்றவர்கள் தொடங்கிவிடுவார்கள்.

அவளுடைய சம்மதத்தோடு, வார்டனிடம் அம்மா இரண்டே வரி சொன்னார்: "பேச நேரமெடுப்பா. சாப்பிட வரலைன்னா மட்டும் ஒரு போன் பண்ணுங்க."

வீட்டிலும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். ராத்திரி அட்டெண்டன்ஸ் முடிந்ததும் ஒரு போன். நடுவில் 'சாப்பிட்டியா, தூங்கினியா' மெசேஜ் கிடையாது. ஊருக்கு வருவது மூன்றாவது வாரக் கடைசியில்தான். தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டார்கள். கடைசி நாள் என்று ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால் அதுவரை தாக்குப்பிடிக்கலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்கு ஓடி வருகிற பிள்ளை, ஒவ்வொரு திங்கள்கிழமையும் புதிதாக முதல் நாளை அனுபவிக்கிறது.

முதல் வாரம் தினமும் அழுகை. அம்மா போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதார். "கூட்டிட்டு வந்தரலாமா?" என்று கேட்டது, போனாச் சரியாயிரும் என்று சொன்ன அப்பாதான். இரண்டாவது வாரம் அழுகை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. வீட்டு நினைப்பில் அழுவது பெரும்பாலும் இப்படி மெள்ள இறங்கும். இறங்காமல், சாப்பிடாமல், வகுப்புக்குப் போகாமல் பகலெல்லாம் படுத்தே கிடந்தாலோ, அடிக்கடி மூச்சுத் திணறி உடம்பு நடுங்கினாலோ காத்திருக்கக் கூடாது. கல்லூரி ஆலோசகரை, இல்லையென்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், வட்டம் போட்ட தேதியெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே கிளம்பிப் போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். சீட் போனால் போகட்டும்.

மூன்றாவது வாரம் ஊருக்கு வந்தாள். இரண்டு நாளும் தூங்கினாள். ஞாயிறு ராத்திரி ரயிலேறும்போது கண் கலங்கியது, ஆனால் வாந்தி இல்லை.

ஐந்தாவது வாரம் ஒருநாள் போனில் பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"ரூம்ல எல்லாரும் நல்லாப் பேசறாங்களா கண்ணு?"

"பேசறாங்கம்மா. நான் கேட்டுட்டு இருக்கேன்."

"அப்புறம்?"

"பருப்புப்பொடி தீந்துருச்சு. அடுத்த தடவை மூணு டப்பாவாக் குடுத்து விடு. சரி வச்சரட்டா? பாத்ரூம்ல என் வாளி லைன்ல இருக்கு."