எழுத்தும் எண்ணும்

ஆம்பூரிலிருந்து கடல் கடந்து செல்லும் சரக்கில் இருவகை உண்டு. தைத்து முடித்த முழுக் காலணி ஒன்று; ‘அப்பர்’ எனப்படும் மேற்பகுதி மட்டும் செல்வது மற்றொன்று. அதனோடு அடிப்பகுதி சேர்வது வேறிடத்தில். கணினி எழுத்துகளைக் காக்கும் முறையும் இவ்வாறே இருவகைப்படும்.

கொரிய மொழியில் முதல் மெய், நடு உயிர், இறுதி மெய் ஆகியவை ஒரு கட்டத்துள் இணைந்து ஓர் அசையெழுத்தாகின்றன. முதலிடத்தில் வருவன 19, நடுவில் 21, இறுதியில், மெய்யின்றி முடிவதையும் சேர்த்து, 28. பெருக்கினால் 11,172. கொரியாவின் 1987ஆம் ஆண்டுத் தரம் இவற்றுள் 2,350 அசைகளுக்கே இடமளித்தது. 1996இல் ஒருங்குறியின் இரண்டாம் பதிப்பு அனைத்தையும் வரிசையாக ஏற்றது. உறுப்புகளை அறிந்தால் அசையின் எண்ணைக் கணக்கிட்டே கூறிவிடலாம். முழுக் காலணிக்கும் இடமுண்டு, உறுப்புகளுக்கும் இடமுண்டு.

தமிழின் நிலை வேறு. 247 எழுத்துகளை உடைய நம் மொழிக்கு, 1988ஆம் ஆண்டின் இந்தியக் குறியீட்டுத் தரத்தை அடியொற்றி, 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதியே ஒதுக்கப்பட்டது. அதில் ககரம் ஓர் எண். ‘க்’ என்பதோ ககரமும் புள்ளியுமாக இரண்டு எண்கள். மெய்யை முதலெழுத்தாகவும் உயிர்மெய்யைக் கூட்டெழுத்தாகவும் கொண்ட நம் இலக்கணத்திற்கு இது தலைகீழ். ‘கல்வி’ என்னும் மூவெழுத்துச் சொல்லைக் கணினி ஐந்தாக எண்ணுகிறது. யாப்பைக் கணினிக்குக் கற்பிக்க முனையும் மாணவன் முதலில் இத்தடையில்தான் இடறுவான். இக்குறையைக் களைய எழுந்ததே எல்லா எழுத்துகளுக்கும் தனி எண் அளிக்கும் ‘டேஸ்-16’. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு இதனையும் தரமாக ஏற்றது.

முறையீடு நியாயமானதே. ஆயினும் அதனையே பற்றிக்கொண்டிருத்தல் தகுமா? நம் பகுதியில் உருது கற்றோர் அறிவர்: ஓரெழுத்தே சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வெவ்வேறு வடிவம் பெறும். கணினி எழுத்துக்கு ஓர் எண்ணைக் காக்கிறது. வடிவத்தை எழுத்துரு தருகிறது. உறுப்புகளாய்க் காப்பது இழிவன்று. மேலும், 1996க்குப் பின் ஒருமுறை அளித்த எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதி. இனி ஓரெழுத்துக்கு இரண்டு எண்கள் வழங்கினால் தேடுவோர்க்குக் குழப்பமே மிஞ்சும்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் உள்ளது. அண்மையில் பழைய மலர் ஒன்றின் கணினிக் கோப்பைத் திறந்தேன். அன்று தனி எழுத்துருவில் அச்சுக்கோத்த கட்டுரைகள், இன்று பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய் நின்றன. அவற்றுள் என் கட்டுரையும் ஒன்று! ஏடுகளைச் செல்லரித்த காலம் போய், எண்கள் மாறியதால் நூல்கள் மறையும் காலம் வந்துவிட்டது.

பழைய குறியீடுகளை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் உள்ளன. மாணவர் நால்வர் ஒரு பருவம் உழைத்தால் துறையின் மலர்கள் மீளும். மாற்றியதை ஒருமுறை மெய்ப்பும் பார்த்தல் வேண்டும். கொரியர் பெற்ற இடத்தை எண்ணி ஏங்குவதினும், நம்மிடம் உள்ளதைக் காப்பதே இப்போது நம் கடன்.