விடைக்கு முன்னர் வினாவைத் தேடுவோம்

தோட்டப்புற மக்களின் வாழ்க்கையை மேம்படுத்தப் போவதாகக் கூறிக்கொண்டு வரும் திட்டங்களுக்கு மலையகத்தில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆனால், அவற்றுள் பல, லயத்தின் வாசற்படியை மிதிப்பதற்கு முன்னரே தமது முடிவைத் தீர்மானித்து விடுகின்றன என்பதே கவலைக்குரியதாகும். எந்தப் பொருளை வழங்குவது, எத்தனை குடும்பங்களுக்கு வழங்குவது, எந்தத் திகதியில் கையளிப்பது என்பனவெல்லாம் முதலிலேயே எழுதப்பட்டு விடுகின்றன. அக்குடும்பங்களின் உண்மையான தேவை என்ன என்ற வினா மட்டும் இறுதிவரை எழுப்பப்படுவதில்லை.

சுற்றாடலுக்குக் கேடு விளைவிக்காது நீண்டகாலம் நிலைத்துப் பயன்தரும் பொருட்களை வடிவமைப்பதற்கு இந்த அவசரமே முதல் எதிரி எனலாம். இதற்கு மிக நல்ல சான்று நம் வீட்டு அடுப்பாகும்.

1970களின் பிற்பகுதியில் சர்வோதய இயக்கம் விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்பொன்றை அறிமுகப்படுத்த முனைந்தபோது, பிறநாடுகளில் உருவான பருமனான மண் அடுப்பு மாதிரிகளே பரீட்சிக்கப்பட்டன. அவை நம் குசினிகளில் வேரூன்றவில்லை. பின்னரே, இலங்கைப் பெண் எவ்வாறு சமைக்கின்றாள் என்பது கூர்ந்து நோக்கப்பட்டது. ஒரே நெருப்பில் ஒருபுறம் சோறும் மறுபுறம் கறியும் வேக வேண்டும். உள்ளூர் மட்பாண்டத் தொழிலாளர்களால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். விலை குறைவாகவும் இருக்க வேண்டும். பல மாற்றங்களைக் கடந்து 1980களில் உருவான 'அனகி' அடுப்பு நாடெங்கும் சந்தைகளில் விற்பனையாகும் பொருளானது இவ்வாறுதான்.

எனினும், அனகியோடு தேடல் முடிந்து விடவில்லை. அது விறகைக் குறைத்தது; ஆனால், அதற்குப் புகைபோக்கி இல்லை. ஹாலிஎலயைச் சூழவுள்ள தோட்டங்கள் உட்பட ஊவாவின் பழைய லயங்களில், காற்றோட்டமற்ற சிறிய குசினிக்குள் கவ்வாத்து மிலாறு எரியும்போது எழும் புகை அங்கேயே தங்கி விடுகின்றது. வீட்டினுள் சூழும் இத்தகைய புகையினால் 2020இல் மாத்திரம் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

"எரிவாயு அடுப்பு வழங்கினால் போதுமே" என்று சிலர் கூறக்கூடும். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரொன்றின் விலை 4,860 ரூபாவானது. 2021இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளத்தைப் பெற்ற ஒரு தொழிலாளிக்கு அது ஏறத்தாழ ஐந்து நாள் உழைப்பாகும். எரிவாயு வாங்கியிருந்தோரும் மீண்டும் விறகைத் தேடினர். முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட விடை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஒருவேளை மாற்ற வேண்டியது அடுப்பாக இல்லாமலும் இருக்கலாம். கூரையில் ஒரு திறப்போ, விறகை உலர்த்தும் ஒரு பரணோ, மழைக்காலத்தில் ஈர உடைகளைக் காயவைக்கும் ஒரு வழியோ முதன்மைத் தேவையாக இருக்கலாம். அடுப்புத் திட்டம் என்று பெயர் சூட்டிவிட்டால், இவ்வினாக்கள் எழவே மாட்டா. பிரித்தானிய வடிவமைப்புச் சபை 2005ஆம் ஆண்டளவில் பிரபலப்படுத்திய 'இரட்டை வைர' முறையும் இதையே வலியுறுத்துகின்றது. முதலில் பரந்து தேட வேண்டும். அதன் பின்னரே பிரச்சினையை வரையறுத்துத் தீர்வை நோக்கிச் செல்ல வேண்டும்.

2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், தேசிய வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதைத் தனது நோக்காகக் கொண்டது. அத்தகைய நிறுவனங்களும், பிரதேசப் பாடசாலைகளும், நிதி வழங்கும் அமைப்புகளும் இவ்விடயத்தில் ஒன்றிணைவது அவசியமாகும். திட்டத்தின் முதற் கட்டத்தில் எந்தப் பொருளின் பெயரும் குறிக்கப்படலாகாது. மாணவர்கள் அதிகாலையில் தேநீர் கொதிக்கும் வேளையிலும், கொழுந்து நிறுத்துவிட்டுத் தாய்மார் வீடு திரும்பும் மாலையிலும் லயத்துக் குசினியில் அமர்ந்து பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் கண்டதை மழைக்காலத்திலும் சரிபார்க்க வேண்டும். தச்சரும் குயவரும் சமைக்கும் பெண்ணும் ஆலோசகர்களாக மதிக்கப்பட வேண்டும். உடைந்தால் உள்ளூரிலேயே திருத்த முடியுமா, பயன் முடிந்தபின் மண்ணோடு சேருமா என்பனவும் ஆரம்பத்திலேயே கேட்கப்பட வேண்டியவையாகும்.

இது காலவிரயம் என்ற வாதம் முன்வைக்கப்படலாம். தேடலுக்கு எல்லையும் காலவரையும் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், சில மாதத் தேடலைத் தவிர்த்துவிட்டு, எவரும் பயன்படுத்தாத பொருட்களை லயத்து மூலைகளில் குவிப்பதே உண்மையான விரயமாகும்.

இரு நூற்றாண்டுகளாகப் பிறர் தீர்மானித்த வீட்டில், பிறர் தீர்மானித்த அளவில் வாழ்ந்து பழகிய சமூகம் இது. அவர்களுக்கான பொருளையேனும் அவர்களிடம் கேட்டு உருவாக்குவோமா?