பழைய காரில் தெளிவான பாட்டு

குலதெய்வத்தைத் தரிசிக்க ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் பலவற்றில், வண்டி தெருமுனை திரும்புவதற்குள் சுப்ரபாதம் ஒலித்தாக வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வெளிவந்தது 1963-இல். பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்ததும் அதே ஆண்டில்தான். பின்னாளில் இவ்விரண்டும் காரின் டாஷ்போர்டில் ஒன்று சேர்ந்தன. ஒரு தலைமுறையின் விடியற்காலைப் பயணங்கள் அந்தச் சேர்க்கையோடு கழிந்தன.

அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோயிற்று. எனினும் வீட்டில் பிள்ளைபோல் பேணப்பட்டு இன்றும் ஓடும் வண்டிகள் உண்டு. அவற்றில் எஞ்சினுக்கு முன்பே ஓய்ந்துவிடுவது பெரும்பாலும் பாட்டுப்பெட்டிதான். கேசட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் நாளடைவில் தளர்ந்து பிசுபிசுத்துவிடும். பாடுபவர் குரல் இழுபடும். ஸ்பீக்கரின் விளிம்பில் உள்ள ஸ்பாஞ்சு வெயிலில் பொடிந்து உதிரும். அதன்பின் குரலோடு ஒரு கரகரப்பும் சேர்ந்தே வரும்.

இந்நிலையில் புதுப்பிக்கக் கடைக்குச் செல்லும் பெரியோருக்கு அங்கே முதலில் காட்டப்படுவது பெரும்பாலும் பெரிய தொடுதிரைப் பெட்டியும், டிக்கியை நிறைக்கும் சப்ஊஃபரும். இரண்டும் வேண்டாதவை. ஓடும் வண்டியில் திரையைத் தடவிக்கொண்டிருப்பதைவிட, கைக்கு அகப்படும் திருகு ஒன்று இருப்பது எவ்வளவோ மேல். டிக்கியோ மடக்கு நாற்காலிக்கும் வாக்கருக்கும் பூஜைக் கூடைக்கும் உரிய இடம்.

பெட்டியின் அட்டையில் ‘50 வாட், நான்கு வழி’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டியதில்லை. அத்தகைய பெட்டியின் பின்புறம் 10 ஆம்பியர் பியூஸ் இருந்தால், ஓடும் வண்டியின் 14 வோல்ட்டுக்கு 140 வாட்டுக்கு மேல் அதனுள் நுழைய வழியில்லை. உள்ளே நுழையாத 200 வாட் வெளியே எங்ஙனம் வரும்? தொடர்ந்து கிடைப்பது ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட் அளவே. வாய்ப்பாட்டும் வீணையும் கேட்க அதுவே தாராளம். வாட் கணக்கைவிட ஸ்பீக்கரின் உணர்திறனைப் பார்ப்பது பயன் தரும். 3 டெசிபல் கூடுதல் உணர்திறன் என்பது பெட்டியின் சக்தியை இரட்டிப்பாக்குவதற்கு நிகர்.

ஆனால் முதியோர் உள்ள வண்டியில் முதற்கவனம் பெற வேண்டியது செவி. வயது ஏற ஏற உச்ச ஒலிகளே முதலில் குறைகின்றன. ச, த, ப போன்ற வல்லின எழுத்துகளைப் பிரித்துக் காட்டுபவை அந்த ஒலிகளே. அதனால்தான் பாட்டு கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்ற குறை எழுகிறது. ‘இன்னும் சத்தமாக வை’ என்பது அதற்கு மருந்தாகாது. பின்னால் வரும் பேருந்தின் ஹாரனும் மறைந்துபோகும். பாஸைச் சற்றுத் தாழ்த்தி டிரெபிளைச் சற்று உயர்த்தினால், அதே சத்தத்தில் சொற்கள் தெளிவு பெறுவதைக் காணலாம். காதுக்கருவி அணிபவர் அதனை அணிந்தபடியே கடையில் கேட்டுத் தேர்ந்தெடுப்பது நலம்.

ஸ்பீக்கர் இருக்கும் இடமும் இதனோடு தொடர்புடையது. பழைய வண்டிகள் பலவற்றில் பின்கண்ணாடியின் கீழுள்ள பலகையில் முட்டைவடிவ ஸ்பீக்கர்கள் பொருத்தப்பட்டிருக்கும். பின்னிருக்கையில் அமரும் பாட்டியின் செவிக்குச் சாண் தூரத்தில் அவை முழங்க, முன்னிருப்பவர் கேட்கவில்லை என்று திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார். முன்கதவுகளில் நல்ல ஸ்பீக்கர் இரண்டைப் பொருத்தி, பின்னவற்றின் ஒலியைப் பெட்டியிலேயே குறைத்துவிட்டால் வீட்டுச் சண்டை ஒன்று தீரும்.

இதற்கெல்லாம் முன் செய்யத்தக்க, செலவு மிகக் குறைந்த சீர்திருத்தம் ஒன்றுண்டு. கதவின் ரப்பர் பீடிங்கை மாற்றி, ஆடும் கைப்பிடிகளையும் கதவின் உட்தகட்டையும் இறுக்கிவிட வேண்டும். காற்றிரைச்சலும் கடகடப்பும் அடங்கிய வண்டியில் பழைய ஸ்பீக்கர்கூடப் புதியதுபோல் ஒலிக்கக்கூடும்.

வயரிங் வேலையில் சிக்கனம் கூடாது. பழைய வண்டியின் கம்பிகளில் மேலுறை வெடித்திருக்கும். பேட்டரியிலிருந்து நேரே வரும் கம்பியில் ஒரு முழ தூரத்திற்குள் பியூஸ் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் கம்பி எங்கேனும் உரசினால் தீ மூளும். பெட்டியின் மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் பெறுவது. சிவப்பு, சாவியைத் திருப்பிய பின் பெறுவது. கறுப்பு, வண்டியின் உடலோடு சேர்வது. சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிவிடும் அவசரக்காரர்களின் கைவண்ணம், சில நாள் நின்ற வண்டி கிளம்ப மறுக்கும்போதுதான் தெரியவரும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ங்ஙீ’ என்ற ஊளை உயர்ந்தால், பெரும்பாலும் குற்றம் கறுப்புக் கம்பியின் பிடிப்பில் இருக்கும். பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கினால் பெரும்பாலும் அடங்கும். 1960-களைச் சேர்ந்த மிகப் பழைய வண்டியாயின், பேட்டரியின் எந்த முனை உடலோடு இணைந்துள்ளது என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். நேர்முனை இணைந்த வண்டியில் இக்காலப் பெட்டியை அப்படியே மாட்டினால் அது கருகிப்போகும்.

டாஷ்போர்டை அறுக்கச் சம்மதிக்க வேண்டியதில்லை. வழக்கமான பெட்டியின் முகம் இன்றும் சுமார் 180 மில்லிமீட்டர் நீளம், 50 மில்லிமீட்டர் உயரம்தான். அந்த அளவுத் துளையுள்ள வண்டியில் அப்படியே அமரும். பழைய முகம் மாறவே கூடாது என்று கருதுவோர், அதனை இடத்திலேயே விட்டு, இருக்கையின் அடியில் புளூடூத் வசதியுள்ள சிறு ஆம்ப்ளிஃபையரை மறைத்து வைக்கலாம்.

இனி, அவசரப்படக் கூடாத ஓரிடம் உண்டு. பழைய பெட்டியோடு சேர்த்துக் கேசட்டுகளையும் கழித்துவிடும் வீடுகள் பல. கடையில் வாங்கிய கேசட்டில் உள்ள பாட்டு மீண்டும் கிடைத்துவிடும். கொலு நாளில் அம்மா பாடியது, தாத்தா பாராயணம் செய்தது, மறைந்த மனைவி பேத்திக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தது ஆகியவை உலகில் அந்த ஒரு நாடாவில் மட்டுமே இருக்கின்றன. அத்தகையவற்றைக் காரின் வெப்பத்தில் வைக்கலாகாது. கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால், பதிவு செய்யும் வசதியுள்ள டெக்கில் கைதவறி அழிந்துபோகாது. நல்ல நிலையிலுள்ள டெக் ஒன்றின் ஹெட்டைச் சுத்தம் செய்து, நாடாவை ஒருமுறை முழுதும் ஓட்டிச் சுற்றிய பிறகே இயக்கி, கணினியில் பதிவு செய்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்த வேண்டும். அதன் நகல் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிக் காரில் செருகினால், ஊர்ப் பயணத்தில் சுப்ரபாதத்திற்கு அடுத்ததாக அந்தக் குரலும் ஒலிக்கும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, கழற்றிய பழைய பெட்டியைக் கடையிலேயே விட்டு வருவது வழக்கம். அதன் வாயைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பல ஆண்டுகளுக்கு முன் சிக்கிக்கொண்ட கேசட் ஒன்று இன்னும் உள்ளேயே இருக்கக்கூடும்.