மஞ்சள் பூவெல்லாம் கரிசலாங்கண்ணி ஆகாது

"எல்லாம் ஒரே குடும்பம்தானே சார், எதைத் தின்றால் என்ன?" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். நர்சரியில் வாங்கித் தொட்டியில் வளர்க்கும் அழகுக்கொடியைப் படம் பிடித்துப் போட்டு, "மஞ்சள் கரிசலாங்கண்ணி, ஈரலுக்குக் கைகண்ட மருந்து, தினமும் பத்து இலை" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவருக்குத்தான் இந்த வக்காலத்து. கும்பிடும் கைகள் வேறு வரிசையாக வந்து விழுந்தன.

ஒரே குடும்பம் என்பது சரி. சூரியகாந்திக் குடும்பம். பார்த்தீனியமும் அதே குடும்பம்தான், அதைத் துவையல் அரைப்பாரா? இங்கிலாந்தில் ராக்வொர்ட் என்று ஒரு மஞ்சள் பூச்செடி உண்டு. அதுவும் இந்தக் குடும்பமே. வைக்கோலோடு கலந்து தின்ற குதிரைக்கும் மாட்டுக்கும் ஈரல் கெட்டுப்போகும். 1959இல் களைச் சட்டம் போட்டார்கள், 2003இல் அதற்கென்றே தனிச் சட்டமும் வந்தது. ராக்வொர்ட்டிலேயே பல இனம் உண்டு; 1959 சட்டம் அவற்றில் ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. மாட்டுத் தீவனத்துக்கே அவர்கள் அவ்வளவு பார்க்கிறார்கள். நாம் மனிதன் வாயில் போடுவதற்குப் பார்க்க மாட்டோமாம்.

நம் ஊருணிக்கரைக்கு வருவோம். வெள்ளைக் கரிசலாங்கண்ணி, கையாந்தகரை என்பது, பொத்தான் அளவு வெள்ளைப் பூ, சொரசொரத்த இலை. கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுக்கும். எங்கள் ஆயா அந்தச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்துக் காயவைத்துத் திரித்து, விளக்கெண்ணெயில் எரித்துக் கண்மை எடுப்பார்கள். இளையாத்தங்குடியில் என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மஞ்சள் கரிசலாங்கண்ணி, அதாவது பொற்றலைக் கையாந்தகரை, ஈரமான இடத்தில் தரையோடு படரும். இலை நீண்டு குறுகியது, பிளவு கிடையாது. நர்சரிக்கொடி அப்படியல்ல. இலை தடித்துப் பளபளக்கும், நுனிப் பக்கம் இருபுறமும் ஒவ்வொரு மடல் தள்ளிக்கொண்டு நின்று மூன்று பிளவாகத் தெரியும். தாவரவியலார் அதற்கு வைத்த 'டிரைலொபேட்டா' என்ற பெயரே மூன்று மடல் என்பதுதான். பூவைப் பார்த்தால் ஏமாறுவீர்கள், இலையைப் பாருங்கள்.

சரி, வெள்ளைக்குப் பதில் மஞ்சளை எடுத்தால் பாதகமா என்றால், அதில் நான் அவ்வளவு கறார் இல்லை. 1956இல் சென்னை மாநிலக் கல்லூரியில் கோவிந்தாச்சாரியும் அவரோடு நாகராஜன், பய் இருவரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியில் கிடைக்கும் வெடெலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பைக் கண்டு எழுதினார்கள். அதே பொருள் வெள்ளையிலும் உண்டு. நம் வைத்தியர்கள் இரண்டையும் ஒரே பெயரில் வைத்தது வீண் இல்லை. ஆனால் மூன்றாவது கொடி மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் சரக்கு. நம் சித்தர்கள் அதைக் கண்ணால் கண்டிருக்க வழியில்லை. அவர்கள் பாட்டை இதற்கு எடுத்து ஒட்டுவது எந்த ஊர் நியாயம்?

இது வெறும் பெயர்ச் சண்டையல்ல. போன வருஷம் எங்கள் தெருவில் ஒருவர் காமாலைக்கு மூன்று வாரம் இந்தத் தொட்டிக்கொடியின் சாற்றைக் குடித்தார். கண் மஞ்சள் கூடியபிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். பிழைத்தார், ஆனால் அந்த மூன்று வாரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? "இயற்கைதானே, கெடுதல் செய்யாது" என்று அவருக்குச் சொன்னவர்கள் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

இன்னொன்று. ராக்வொர்ட்டுக்கு நெருங்கிய பங்காளி நம் தோட்டத்திலேயே இருக்கிறது: முயல்செவி. ஈரலைக் கெடுக்கும் அதே வகை ஆல்கலாய்டு இதிலும் உண்டு. ஊதாப் பூவைப் பார்த்து இதையும் நெய்ச்சட்டிக் கீரையையும் ஒன்றாகப் பறிக்கிறார்கள். முயல்செவியின் மேல் இலை காம்பில்லாமல் தண்டைக் காதுபோல் அணைத்திருக்கும். பூவின் அடியில் பச்சைச் செதில் ஒரே வரிசை, குழல்போல. நெய்ச்சட்டியில் இலைக்குக் காம்பு உண்டு, செதில் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு நிமிஷ வேலை. கீரை ஆய்கிற பொறுமை இருந்தால் இதற்கும் இருக்கும்.

இந்தப் பக்கம் ஒரு மூலிகைத் தோட்டத்தில், பேர் சொல்ல விரும்பவில்லை, தொட்டிக்கொடிக்கு முன்னால் "மஞ்சள் கரிசலாங்கண்ணி" என்று பெயிண்ட் அடித்த பலகை நிற்கிறது. இரண்டு தடவை சொல்லியாயிற்று, பலகை அசையவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

அந்தக் கொடி உலகின் மோசமான நூறு படையெடுப்பு இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கணுவுக்குக் கணு வேர் விடும், வெட்டிப்போட்ட துண்டும் பிழைக்கும். தொட்டியிலிருந்து கழித்ததை ஊருணிக்கரையில் கொட்டாதீர்கள். ஏற்கெனவே கொட்டியவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் வேரோடு எடுத்து வெயிலில் காயப்போடுங்கள். நல்ல கையாந்தகரை வேண்டுமென்றால் மழைக்குப் பிறகு வயல் வரப்பில் கிடைக்கும், காசு கொடுக்க வேண்டாம்.