பரணிலிருந்து இறங்கிய பெட்டி

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் இலக்கிய நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ‘அந்தக் காலத்து நாதமே தனி, கை வைக்காதே’ என்று கண்ணை மூடிக்கொள்வது ஒரு கட்சி. ‘உள்ளே இருப்பதை உருவி எறி, புது போர்டு ஒன்றை வை’ என்பது இன்னொன்று. பழைய கவிதையைப் பற்றியும் இதே இரண்டு குரல்கள்தாம். மூடியைத் திறந்து பார்க்கிற உழைப்பு மட்டும் இரண்டு கட்சிக்குமே ஆகாது.

நானும் முதல் கட்சியில் இருந்தவன்தான். 1978-இல் ‘ப்ரியா’ ஸ்டீரியோவில் வந்தபோது இரண்டு பெட்டிகளை இரு மூலையில் வைத்துக் கேட்ட வீடு எங்களுடையது. அந்த ஆம்ப்ளிஃபயர் அரியலூர் வீட்டுப் பரணில் 20 வருஷத்துக்கு மேல் தூசி தின்றது. இறக்கினேன், பக்தியோடு துடைத்தேன், பிளக்கைச் செருகினேன். ஒரு சீறல், மீன் அழுகிய வாடை, ஃபியூஸ் போயிற்று. பக்தியின் பலன் அவ்வளவுதான்.

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ரேடியோ ரிப்பேர் செய்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன்.

“நேரா கரண்டு குடுத்தீங்களா சார்? 20 வருஷம் பட்டினி கெடந்தவனுக்கு எடுத்த எடுப்புல பிரியாணி போடுவீங்களா?”

விஷயம் இதுதான். கண்டென்சருக்குள் இருக்கும் அலுமினியத் தகட்டின்மேல் படிந்த மெல்லிய ஆக்ஸைடு படலம்தான் அதற்குக் காப்பு. மின்னழுத்தமே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் படலம் நலிந்து கசிவு கூடும். அப்போது 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் சூடேறி வெடிக்கும். வெடித்ததை மாற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுக் கரண்ட் கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் நின்றால் உள்ளே ஷார்ட். மங்கியது.

இடது பக்கம் பாடிற்று. வலது பக்கம் குரல் நெரிபட்டது.

“சர்க்யூட் படம் இல்லையே” என்றேன்.

“இடது பக்கந்தான் படம்” என்றார்.

சப்ளை 48 வோல்ட். வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள், அந்த 2என்3055 ஜோடி, சேருகிற நடுப்புள்ளியில் அதில் பாதி இருக்க வேண்டும். இடதில் 24 இருந்தது. வலதில் 9. அங்கிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு கட்டமாக, இடதில் தொட்ட இடத்தையே வலதிலும் தொட்டுப் போனார். முதல் டிரான்சிஸ்டருக்கு பயாஸ் கொடுக்கிற இடத்தில் ஒரு சின்னக் கண்டென்சர் கசிந்து, எல்லாவற்றையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. விலை சில ரூபாய்.

நாதத்தின் ஆன்மா என்று எழுதுகிறவர்களைக் கேட்கிறேன்: வலது பக்கத்தில் 9 வோல்ட் நின்றபோது அந்த ஆன்மா எங்கே போயிருந்தது? கசிகிற கண்டென்சரின் குளறலைத்தானே பலர் ‘பழமையின் கதகதப்பு’ என்று ரசிக்கிறார்கள்? போர்டு மாற்றச் சொன்னவர்களையும் கேட்கிறேன்: அந்த ஒரு கண்டென்சருக்காக, பழுதில்லாத டிரான்ஸ்ஃபார்மரையும் 3055-களையுமா குப்பையில் போடுவது?

எங்கள் பக்கத்தில் தொட்டுக் கும்பிட வேறு பழமை இருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் கிடக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் 6.5 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடற்சிப்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கு வேலி போட்டுப் பாதுகாப்பது நியாயம். அவை இனி துளிர்க்கப் போவதில்லை, நீந்தப் போவதில்லை. ஆம்ப்ளிஃபயர் அப்படியல்ல. பாடாவிட்டால் அது வெறும் தகரம். கவிதையும் எனக்கு அப்படித்தான்.

கவிதை இயந்திரமல்ல என்பீர்கள். வாஸ்தவம். மீட்டர் வைக்கச் சொல்லவில்லை. எந்த வரியில், எதனால் பழுது என்று காட்டத் தெரியாதவனுக்கு ‘செத்துவிட்டது’ என்றோ ‘அற்புதம்’ என்றோ தீர்ப்புச் சொல்ல என்ன யோக்யதை? அதே கவிஞனின் பலித்த கவிதை ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அதை எடுத்து வைத்து, இடத்துக்கு இடம் தொட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. தத்துவப் பெயர்கள் பத்தை அடுக்குவது சுலபமாக இருக்கிறது.

வலது பக்கம் பாடத் தொடங்கியதும் பெரியவர் தலையாட்டி ரசிக்கவில்லை. நடுப்புள்ளியில் மறுபடி மீட்டரை வைத்தார். 24. அதற்குப் பிறகுதான் மூடியைப் போட்டார்.