பார்மட் வேண்டாம்

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. சிங்கம்புணரி போன்ற ஊர்களில் பல பிள்ளைகள் லினக்ஸை முதலில் பார்த்தது அந்த மடிக்கணினிகளில்தான். கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அப்டேட் முடிந்து கணினி மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. "பார்மட் அடிச்சிருவோம் தம்பி" என்பதுதான் கடையில் கிடைக்கும் பதில். ப்ராஜெக்ட், குடும்பப் படங்கள், கயிறு வியாபாரக் கணக்கு எல்லாம் அதோடு போய்விடும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான், பெரும்பாலும் பார்மட் தேவையே இல்லை. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வந்தாலும் முந்தையது பொதுவாக உள்ளேயே இருக்கும். கணினியை ஆன் செய்ததும் எஸ்கேப் விசையை, பழைய கணினி என்றால் ஷிஃப்டை அழுத்தினால் எதைத் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால், கறுத்துக் கிடந்த திரை பல சமயம் உயிர்பெறும். அப்டேட்டின் பாதியில் கரண்ட் போயிருந்தால், அதே பட்டியலின் ரெக்கவரி மோடில் அரைகுறையாக நின்ற மென்பொருள் பொதிகளைச் சரிசெய்யும் வசதி உபுண்டுவில் உண்டு. வைஃபை காணாமல் போனால் செல்போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி நெட் எடுத்து, டிரைவரை மறுபடி நிறுவலாம். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டு ஏற்கெனவே இருக்கிறது. இந்த மூன்று வழிகளையும் அதில் சேர்த்து, ஆய்வகத்தில் ஒரு பீரியட் ஒதுக்குங்கள்.