நாய்ப் பயிற்சியும் நம் இளைஞரும்

ஒருவரை இகழ வேண்டுமாயின் நாம் முதலில் எடுத்தாளும் சொல் நாய் என்பதே. நன்றியுடைமைக்கு அதனை உவமை கூறும் நாவே, மறுகணம் வசைக்கும் அதனைத் துணைக்கு அழைக்கின்றது. ஆயினும் நம் முன்னோர் எல்லோரும் அவ்வாறு கருதினாரல்லர். பழைய வட ஆர்க்காடு ஜில்லாவில் அடங்கியிருந்ததும், இந்நாளில் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்ததுமாகிய எடுத்தனூர் என்னும் சிற்றூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உளது. எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தி என்பானுக்கு நட்ட கல் அது. வீரன் உருவின் அருகே ஒரு நாயின் உருவும் செதுக்கப்பட்டிருக்கின்றது. அந்நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தி, அதன் பெயருடன் எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. 7ஆம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த இப்பகுதியிலே, இன்று தம் வாயிற்புறத்து நாய்க்கு ஒரு பெயரேனும் இட்டவர் எத்தனை பேர்?

இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரையில் பாலாற்றங்கரையை ஒட்டிச் செல்வோர், தோற்சாலைகளின் வாயில்களிலே காவல் நாய்களைக் காண்பர். பகலெல்லாம் சங்கிலி, இரவில் அவிழ்த்துவிடுதல், இடையிடையே கோலால் அடி. அடித்து வளர்த்தால்தான் நாய்க்கு ரோஷம் வரும் என்பது காவற்காரர் பலருடைய சித்தாந்தம். வருவது ரோஷம் அன்று, அச்சம். அஞ்சிய நாய் கள்வனைக் கண்டு ஒதுங்கி, ஓடிவரும் குழந்தையைக் கடிக்கும்.

இதனை யான் ஏட்டிற் படித்துக் கூறவில்லை. யான் மாணாக்கனாயிருந்தபோது ஆம்பூருக்கு அணித்தாகிய எங்கள் இல்லத்தில் ஒரு நாய் இருந்தது. அதனைக் கட்டிப்போட்டது யானே. சோறு இட்டதும் யானே. அதனோடு ஐந்து நிமிஷம் நடந்து சென்றவன் மட்டும் ஒருவரும் இலர். ஒருநாள் சங்கிலி அறுந்தது. பால் கொண்டுவந்த சிறுவனின் தொடையைக் கவ்விற்று. சோப்பும் நீரும் கொண்டு கால்மணி நேரம் புண்ணைக் கழுவ வேண்டும் என்பதையும், உடனே ஊசி போட வேண்டும் என்பதையும், கடித்த நாயைக் கொல்லாமல் 10 நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும் என்பதையும் அன்று எங்கள் தெருவில் அறிந்தவர் இலர். புண்ணில் மஞ்சளை அப்பினார்கள்; நாயை அடித்துக் கொன்றார்கள். நல்வினையாக மறுநாள் சிறுவனுக்கு ஊசி போடப்பட்டது. அவன் இன்று வளர்ந்து தோற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். நாயைக் கண்டால் இன்றும் எதிர்ப்புறமாகக் கடந்து செல்கிறான். அக்குற்றம் நாயினுடையதன்று என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

நிற்க. நாய் வளர்க்க விரும்பும் இளைஞர் முதலிற் கேட்கும் வினா, "எந்த ஜாதி நாயை, எவ்வளவு விலைக்கு வாங்கலாம்?" என்பதாம். விலை கொடுத்து வாங்கிய நாய் தானே பழகிவிடும் என்னும் எண்ணத்தையே யான் மறுக்க முற்படுகின்றேன். வாங்கத்தான் வேண்டுமெனில், 8 வாரம் நிறையாத குட்டியை விற்றல் 2017ஆம் ஆண்டின் விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்து வாங்குக. அன்றித் தெருவிற் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து வளர்ப்பினும் பயிற்சிக்கு யாதொரு குறைவும் இல்லை. பிறந்து 3 வாரம் முதல் ஏறத்தாழ 14 வாரம் வரையில் குட்டி எவற்றைக் கண்டும் கேட்டும் பழகுகின்றதோ, அவற்றிற்குப் பின்னாளில் அஞ்சாது. பஸ்ஸின் ஓசை, பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல், குடை, தலைப்பாகை, ஊன்றுகோல் யாவற்றையும் அப்பருவத்தில் அமைதியாக அறிமுகம் செய்தல் வேண்டும். 3 மாதம் ஆனவுடன் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், பின்னர் வைத்தியர் சொல்லும் தவணைகளில் மறு ஊசியும் இன்றியமையாதன.

பயிற்சியின் உட்பொருள் மிக எளிது, கைக்கொள்வதே அரிது. நாய் நாம் விரும்பியதைச் செய்த அக்கணமே பரிசு கிடைத்தல் வேண்டும். ஐந்து விநாடி கழித்துக் கொடுத்தால், இடையில் அது செய்த வேறொன்றிற்குப் பரிசு கிடைத்ததாக எண்ணும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம் போதும்; அரைமணி நேரம் வருத்தினால் நாய்க்கும் சலிப்பு, நமக்கும் சினம். சொல்லும் ஒன்றாயிருத்தல் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தந்தை "உட்கார்" என்பார். மகன் "சிட்" என்பான். பாட்டியோ நம் ஊர் வழக்கப்படி "குந்து" என்பார். நாய் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அறிவற்ற நாய் என்று மூவரும் அதனைத் தூற்றுவர்! யாவற்றினும் பெரும் பிழை, அழைத்தபோது தாமதித்து வந்த நாயை அடித்தல். தாமதத்திற்கு அடித்ததாக நாம் எண்ணுவோம். வந்ததற்கு அடித்ததாக அது எண்ணும். மறுமுறை எங்ஙனம் வரும்?

பரிசுக்கு வெந்த இறைச்சித் துணுக்குகள் நகத்தளவு போதும். ஆம்பூர்ப் பிரியாணி உண்டபின் எஞ்சிய எலும்பை அன்போடு நாய்க்கு இடுவோர் நம்மிற் பலர். வெந்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும். அதனோடு கலந்துள்ள வெங்காயமும் நாய்க்கு நஞ்சு போன்றதே. வேலூர் வெயிலைப் பற்றி இப்பத்திரிகையைப் படிப்போர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. நாய் நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதன்று. நாவைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே வெப்பத்தை ஆற்றிக்கொள்கின்றது. ஆதலின் கோடையில் விடியற்காலமே பயிற்சிக்கு ஏற்றது. பாலாற்று மணல் ஓடுவதற்கு நன்று. ஆங்காங்கே தேங்கிய நீரைக் குடிக்க மட்டும் விடற்க. தோற்சாலைக் கழிவு அவ்வாற்றுக்குச் செய்த தீங்கு, 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறும் அளவிற்குப் போயிற்று அன்றோ?

இனிப் போட்டிகளைப் பற்றிச் சில சொல்வேன். நாய்க் கண்காட்சி வேறு, பயிற்சிப் போட்டி வேறு. 1891ஆம் ஆண்டில் சார்லஸ் கிரஃப்ட் என்பார் லண்டனில் தம் பெயரால் தொடங்கிய காட்சி முதலியவற்றில் நாயின் உடலமைப்பே மதிப்பிடப்பட்டது. கீழ்ப்படிதற் போட்டி பின்னர் எழுந்தது. அமெரிக்காவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்னும் பெண்மணி 1933ஆம் ஆண்டில் நடத்திய முதற் போட்டிக்கு வந்த நாய்கள் எட்டே. தடை தாண்டும் அஜிலிட்டி என்னும் விளையாட்டு, 1978ஆம் ஆண்டு கிரஃப்ட்ஸ் காட்சியில் இடைவேளை வேடிக்கையாகக் காட்டப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவிற்று. தாண்டு கட்டை, குழாய், ஏற்றப் பலகை, வரிசையாக நட்ட கழிகளினூடே வளைந்தோடுதல் ஆகியவை அதன் உறுப்புக்கள். மூங்கிலும் பழைய சாக்கும் கொண்டு இவற்றை நம் விடுதி மாணவரே ஒரு மாலையில் அமைத்துவிடலாம். ஆயின் எலும்பு முதிராத குட்டியை ஒரு வயதிற்கு முன் உயரம் தாண்டச் செய்தல் கொடுமை.

நம் நாட்டு நாய்கள் இவற்றிற்கு உதவா என்பார் உளர். இராஜபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டில் தபால் தலை வெளியிட்டுப் பெருமை செய்தோம். பயிற்சி அளிக்க மட்டும் வெளிநாட்டு நாய்களைத் தேடுகின்றோம். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தப் பிறந்தவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்திற்குப் பின் அவ்வேட்டைக்கு இடமில்லை. வேலையிழந்த வீரனைப்போல் அவை சங்கிலியிற் கிடக்கின்றன. இயந்திரத்தால் இழுக்கப்படும் துணிப்பொம்மையைத் துரத்தும் ஓட்டப்போட்டி மேல்நாடுகளில் வழங்குகின்றது. நம் வேட்டை நாய்களுக்கு அதனினும் தக்க விளையாட்டு யாது? நாயோடு நாயைப் பொருதவிடும் சூதினை யான் விளையாட்டென்று சொல்லேன். 1960ஆம் ஆண்டின் சட்டமும் அதனைக் குற்றமென்றே கூறுகின்றது.

மனிதருக்கே வேலையில்லாத காலத்தில் நாய்க்கு விளையாட்டா என்று சிலர் நகுவர். நம் அருகிலுள்ள அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் பட்டாலியன் இருக்கின்றது. அப்படையின் மீட்புக் குழுக்களில் மோப்ப நாய்களும் உறுப்பினரே. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் துருக்கி நாடு நிலநடுக்கத்தால் இடிந்தபோது, இந்தியாவினின்று அப்படையோடு சென்ற ஜூலி என்னும் லாப்ரடார் நாய், இடிபாட்டினடியில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரோடிருந்த இடத்தைக் காட்டிற்று. அத்தகைய நாய்களை அடித்துப் பழக்குவதில்லை. ஒளிந்திருப்பவரைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும் என்னும் விளையாட்டே அவற்றின் பாடம்.

தோலைப் பற்றி ஒரு சொல். நாயின் வாரும் கழுத்துப் பட்டையும் வாங்கச் சென்னைக் கடைகளுக்குச் செல்லும் நம் நண்பர்கள், நல்ல தோலும் அதனைத் தைக்கும் கைகளும் தம் தெருவிலேயே இருத்தலை மறந்துவிடுகின்றனர். எங்கள் ஊர்ச் செருப்புத் தைப்பவர் எனக்கு ஆறடி வார் ஒன்று செய்து கொடுத்தார். கையை அறுக்காத அந்த வார் இன்றும் அறாமல் இருக்கின்றது.

அவ்வாரின் மறுமுனையில் இருப்பது தெருவில் எடுத்த ஒரு செந்நிறக் குட்டி. இப்பொழுது அதற்கு நான்கு வயது. சென்னையில் நடந்த ஒரு சிறு போட்டியில், ஜாதி பாராமல் எல்லா நாய்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அழைத்தவுடன் வந்தது, உடன் நடந்தது. ஒரு நிமிஷம் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டிய கட்டத்தில், தேநீர் விற்பவர் ஒருவர் கடந்து சென்றார். எழுந்து அவரைப் பின்தொடர்ந்தது. கூடியிருந்தோர் நகைத்தனர், யானும் நகைத்தேன். மறுவாரம் முதல் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையின் எதிரே விடியற்காலையில் அதனை அமரவைத்துப் பழக்கி வருகின்றேன். நேற்று நாற்பது விநாடி இருந்தது.